எலியும் அதன் மூளையும்: சுயமாக இயங்கும் றொபோப் போட்டிகளின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

றொபோ என்ற சொல் நாடக மேடையிற் பிறந்தது. செக் எழுத்தாளர் கரல் சாப்பெக் 1920 இல் வெளியிட்டதும் 1921 இல் பிராக் நகரில் அரங்கேறியதுமான நாடகம் ஒன்றிலே வரும் செயற்கைத் தொழிலாளருக்கு, அவருடைய தமையனாரும் ஓவியருமான ஜோசெப் சாப்பெக் எடுத்துக்கொடுத்த பெயர் அது. அதன் மூலமான 'றொபோட்டா' என்ற செக் சொல், நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்யக் கடமைப்பட்டிருந்த வேலையைக் குறிக்கும். கண்டி இராச்சியத்தில் இராசகாரியம் என்றும், ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்றும் வழங்கிய நடைமுறைகளை அறிந்தோர்க்கு இச்சொல்லின் பொருளை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

கூலியற்ற வேலையைக் குறித்த இச்சொல்லைத் தம் பெயரிலே தாங்கிய போட்டிகள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. பொறியியலாளரும் மாணவரும் தொழில்நுட்பவியலாளரும் தமது இரவுகளையும் விடுமுறைகளையும் செலவிட்டு, உள்ளங்கையளவான சிறு பொறிகளை அமைத்து, அவற்றைச் சிக்கலான பாதைகளிலே ஓடவிடுகின்றனர். இவ்வேலைக்கும் கூலி இல்லை. ஆயின் இதனைச் செய்யுமாறு எவரும் அவர்களை வற்புறுத்துவதில்லை. இவ்வுழைப்பு எத்தகையது, அதன் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். தமிழிலக்கியம் கற்பிக்கும் ஒருவர் பொறியெலிகளைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்கப் பிரச்சோதனன் விடுத்த பொறியானையை நாம் அறிவோம். அதனுள்ளே போர்வீரர் மறைந்திருந்தனர். 1770 இல் வியன்னா அரசவையிலே கெம்பெலன் காட்டிய சதுரங்கமாடும் துருக்கிப் பொம்மையின் பெட்டியினுள்ளும் மனிதனொருவன் ஒளிந்திருந்தான். தானாக இயங்குவதாகத் தோன்றும் பொறியொன்றைக் காணுமிடத்து அதனுள்ளே மறைந்திருப்பவர் யார் எனக் கேட்பது இலக்கிய விமரிசனத்துக்கு அந்நியமான வினா அன்று.

நாம் நோக்கும் போட்டிகளுக்கு ஒரு பொதுவிதி உண்டு. ஓட்டம் தொடங்கிய பின்னர் அமைத்தவரின் வழிகாட்டல் பொறிக்குச் சேரலாகாது. தூரத்திலிருந்து ஆட்டுவிக்கும் கருவியும் இருத்தல் ஆகாது. பாதையைப் பற்றிப் பொறி எதனை அறிகின்றதோ அதனைத் தானே அறிதல் வேண்டும். இதனாலேயே தொலைக்காட்சியிற் பெரும் புகழ் பெற்ற, மனிதர் ஆட்டுவிக்க ஒன்றையொன்று மோதி உடைக்கும் இயந்திரங்கள் இவ்வகையுள் அடங்கா. இவ்விதி வெறும் தொழில்நுட்ப விதியாகவே பலராலும் கொள்ளப்படுகின்றது. உண்மையில் அது ஒரு கருத்துநிலையும் ஆகும். பொறியிலிருந்து அமைத்தவரின் கை விலகும் கணத்திலேயே, அதனுட் சென்ற உழைப்பும் பார்வையாளரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றது.

இம்மறைவின் முன்வரலாற்றை இரு பொறிகளிற் காணலாம். பிறிஸ்ரல் நகரின் பேர்டன் நரம்பியல் நிறுவனத்திலே பணியாற்றிய கிறே வோல்ற்றர் 1948, 1949 ஆம் ஆண்டுகளில் இரு 'ஆமை'களை அமைத்தார். இரண்டு வால்வுகளும், ஒளியை உணரும் கலமொன்றும், மோதலை உணரும் தொடுகையொன்றுமே அவற்றின் நரம்புத் தொகுதி. ஒளியை நாடிச் செல்லும். தடை நேரின் விலகும். மின்கலம் தளருமிடத்துத் தன் கூட்டின் விளக்கை நோக்கித் திரும்பும். 1951 இல் பிரித்தானிய விழாவிலே மக்கள் கண்டு வியந்த ஆமைகள் இவற்றின் திருத்திய வடிவங்கள். அவற்றைக் கையாற் செய்தவர் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளரான வாரன் என்பவர். நூல்களோ அவற்றை 'வோல்ற்றரின் ஆமைகள்' என்றே பெரும்பாலும் கூறும். மூளையுழைப்புக்கும் கையுழைப்புக்கும் இடையிலான பிரிவினை, மூளையை ஆராய்ந்த நிறுவனத்தினுள்ளேயே இவ்வாறு செயற்பட்டமை சுவையான முரண்.

மற்றையது குளோட் ஷனன் 1950 இல் அமைத்த 'தீசியஸ்' என்னும் எலி. ஷனன் அப்போது அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுகூடமான பெல் ஆய்வுகூடத்தில் இருந்தார். இருபத்தைந்து கட்டங்கள் கொண்ட பலகையிலே, இடம் மாற்றத்தக்க தடுப்புகளுக்கிடையே, எலி முட்டிமோதி வழி தேடும். ஒருமுறை வழியைக் கண்டபின், சென்ற இடங்களில் எங்கு வைத்தாலும் தவறாது இலக்கை அடையும். கண்டோர் எலி கற்றுக்கொண்டதாகக் கூறினர். ஆயின் எலியினுள் இருந்தது ஒரு காந்தமே. பலகையின் கீழே மோட்டரால் நகர்த்தப்பட்ட மின்காந்தம் அதனை இழுத்துச் சென்றது. நினைவு எழுபத்தைந்து அளவிலான றிலேக்களில் இருந்தது. தொலைபேசி இணைப்பகங்களிலே அழைப்புகளை இணைக்கும் ஆளிகள் அவை. அக்கம்பனிக்கு மிகவும் பழக்கமான சரக்கு. எனவே எலியின் மூளை எலியிடம் இருக்கவில்லை. அது தரையின் கீழே இருந்தது. பொறியை இணைத்ததில் ஷனனின் மனைவியாரும் கணிதவியலாளருமான பெற்றியின் கையும் இருந்தது என்பது பிற்காலத்திலேயே பரவலாக அறியவந்தது.

மூளை தரையினின்றும் எலியின் முதுகுக்கு ஏறுதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. இது தனிமேதைகளின் தாமதத்தால் நேர்ந்தது அன்று. உற்பத்திச் சக்திகள் முதிர வேண்டியிருந்தது. 1971 இல் முதலாவது வணிக நுண்செயலி சந்தைக்கு வந்தது. 1974 இல் இன்ரெல் 8080 இன் தொடக்க விலை 360 டொலர். அடுத்த ஆண்டே 6502 என்னும் நுண்செயலி 25 டொலருக்கு விற்கப்பட்டது. ஆய்வுகூடங்களும் இராணுவமும் மாத்திரமே வைத்திருக்கக்கூடியதாயிருந்த கணிப்பாற்றல், சம்பளம் பெறும் பொறியியலாளன் தன் வீட்டு மேசையிலே வாங்கி வைக்கக்கூடிய பண்டமாயிற்று. இவ்விலை வீழ்ச்சியை 'அமெரிக்கரின் புத்திக்கூர்மை' என்று எழுதுவோர் அதன் மறுபாதியை எழுதுவதில்லை. குறைகடத்தி உற்பத்தியின் ஒருங்கிணைப்பு வேலை 1960களிலிருந்தே கூலி மலிந்த ஆசிய நகரங்களுக்குப் பெயர்க்கப்பட்டு வந்தது. இன்ரெல் 1972 இல் மலேசியாவின் பினாங்கிலே அத்தகைய ஆலையைத் திறந்தது. நுணுக்குக்காட்டியிற் கண்பதித்து மயிரிழை போன்ற கம்பிகளைப் பொருத்தியோர் பெரும்பாலும் கிராமங்களினின்றும் வந்த இளம் பெண்கள். பொழுதுபோக்காக எலி செய்த பொறியியலாளனின் ஓய்வு நேரம், வேறொரு கண்டத்துப் பெண்களின் வேலை நேரத்தின்மீது நின்றது எனில் மிகையாகாது.

இச்சூழலிலேயே முதலாவது போட்டி தோன்றுகின்றது. அமெரிக்காவின் மின், மின்னணுப் பொறியியலாளர் சங்கத்தின் இதழான 'ஸ்பெக்ட்ரம்', டொனால்ட் கிறிஸ்ரியன்சனை ஆசிரியராகக் கொண்டிருந்த காலத்தில், 1977 இல் நுண்ணெலிப் போட்டியொன்றை அறிவித்தது. மூளையைத் தன்னுடன் சுமந்து செல்லும் எலி, முன்பின் அறியாத சிக்கலான பாதையொன்றினூடே தானாக வெளியேற வேண்டும் என்பதே சவால். ஆறாயிரம் அளவிலானோர் பெயர் பதிந்தனர். 1979 யூனிலே, நியூயோர்க்கில் நடைபெற்ற தேசிய கணினி மாநாட்டின் இறுதிச் சுற்றுக்கு வந்து ஓடியவை பதினைந்தளவான எலிகளே. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வெளியிலே எத்தனை ஆயிரம் இரவுகள் புதையுண்டன என்பதைக் கணிக்க எவரும் முயன்றதாகத் தெரியவில்லை.

பற்றெல் ஆய்வுகூடப் பொறியியலாளர் சிலர் அமைத்த எலியொன்றின் பெயர் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மூன்லைற் ஸ்பெஷல்'. நிலவொளி எனப் பொருள்படும் அச்சொல், ஆங்கிலப் பேச்சு வழக்கிலே, பகல் உத்தியோகத்துக்குப் புறம்பாக இரவிற் செய்யும் வேலையையும் குறிக்கும். பகலிலே நிறுவனம் இட்ட பணியை, நிறுவனம் வகுத்த பகுதியளவில், முழுமை காணாது செய்பவன், இரவிலே ஒரு முழுப்பொருளைத் தொடக்கம் முதல் இறுதிவரை தானே சிந்தித்து, தானே வெட்டி, தானே இணைத்து, தானே ஓட்டிப் பார்க்கின்றான். அந்நியமாதல் பற்றி இளம் மார்க்ஸ் எழுதியவற்றைப் படித்தோர் இப்பெயரைக் கேலிப்பெயராக மாத்திரம் கொள்ளார். தொழிலிலே இழந்ததனை விளையாட்டிலே மீட்கும் முயற்சி அது. இத்தகைய போட்டிகளைக் குட்டி முதலாளித்துவப் பொழுதுபோக்கு என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் முற்போக்கு நண்பர் சிலருடன் நாம் உடன்பட முடியாமைக்கு இதுவே காரணம். அதே வேளையில், அவ்விரவைப் பெறும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். சமையலும் பிள்ளை வளர்ப்பும் யார் தலையில் விழுந்தனவோ அவர்களுக்கு நிலவொளி கிடைக்கவில்லை. போட்டிப் பெயர்ப்பட்டியல்களிலே நெடுங்காலம் பெண்கள் அருகியே காணப்பட்டமை தற்செயல் அன்று.

நியூயோர்க் போட்டியின் முடிவு ஒரு சர்ச்சையை எழுப்பிற்று. பாதையின் வாயில்கள் இரண்டும் சுற்றுமதிலில் இருந்தன. அத்தகைய பாதையிலே ஒரு பக்கச் சுவரை விடாது பற்றிச் செல்பவன், எதனையும் நினைவிற் கொள்ளாமலே வெளியேறிவிடலாம். இதனை உணர்ந்தோர், கற்கும் ஆற்றல் சிறிதுமற்ற, ஆயின் மிக விரைந்து ஓடும் எலிகளைக் கொணர்ந்தனர். கற்கும் எலிகளை அவை வேகத்தில் வென்றன. 'அறிவுள்ள பொறி' எனப் பறைசாற்றிய அரங்கிலே அறிவற்ற வேகம் பரிசைக் கவர்ந்தமை பலருக்கு மனக்கசப்பைத் தந்தது. எமது நோக்கில் இது நல்ல பாடம். போட்டியொன்றிலே 'அறிவு' எனப்படுவது பொறியினுள் மாத்திரம் இருப்பது அன்று; விதியை எழுதியவர் எதனை அளக்கின்றாரோ அதுவே அங்கு அறிவாகின்றது.

விதியைத் திருத்தியவர் இங்கிலாந்தின் போட்ஸ்மத் தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளராயிருந்த ஜோன் பில்லிங்ஸ்லி. 1980 இல் இலண்டனில் ஐரோப்பிய நுண்கணினி மாநாட்டையொட்டி அவர் நடத்திய போட்டியிலே, இலக்கு சுற்றுமதிலினின்றும் பாதையின் நடுவுக்கு மாற்றப்பட்டது. நடுப்பகுதியைச் சூழ்ந்த சுவர்கள் வெளிமதிலுடன் தொடர்பற்றுத் தீவு போல நிற்குமாயின், சுவர் பற்றிச் செல்லும் எலி வாழ்நாள் முழுவதும் சுற்றினாலும் இலக்கை அடையாது. இச்சிறு மாற்றம் ஒன்றினாலேயே நினைவு இன்றியமையாததாயிற்று. நிக் ஸ்மித் என்பவரின் 'ஸ்ரேர்லிங் மவுஸ்' அங்கு வென்றது. இவ்விதிகள் சில திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளன. பாதை பக்கத்துக்குப் பதினாறாக 256 கட்டங்கள் கொண்டது. கட்டமொன்றின் பக்கம் 18 சதமமீற்றர். சுவர் 5 சதமமீற்றர் உயரம். நடுவிலுள்ள நான்கு கட்டங்களே இலக்கு. எலி முதலிற் தேடி ஓடும். பின்னர் தேடி அறிந்ததைக் கொண்டு விரைந்து ஓடும். மிகக் குறைந்த நேரமே கணக்கு.

256 என்னும் எண் எட்டு 'பிற்' நுண்செயலிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது. கட்டம் ஒன்றுக்கு ஓர் எண் என வைத்தால், முழுப் பாதையின் படமும் அக்காலத்துச் சிறிய நினைவகத்தினுள்ளே அடங்கிவிடும். யாப்பு வடிவம் ஒன்று அதனைப் பாடியோரின் மூச்சளவையும் நினைவளவையும் ஒட்டி அமைவது போல, இப்பாதையின் வடிவமும் தன் காலத்துக் கருவியின் அளவை ஒட்டி அமைந்தது.

எலி வழியை எவ்வாறு கணிக்கின்றது என்பதையும் சிறிது விரித்துரைத்தல் தகும். இத்துறையிலே பெருவழக்கான முறைக்கு 'வெள்ளம் பரப்புதல்' என்று பெயர். நடுக் கட்டத்திலே நீரைத் திறந்துவிடுவதாகக் கொள்வோம். வாய்க்காலில் நீர் ஓடி வயலின் பாத்திகளை ஒவ்வொன்றாக நிரப்புவது போல அது கட்டங்கள் தோறும் பரவும். நீர் எத்தனையாவது அடியிலே ஒரு கட்டத்தை அடைந்ததோ அவ்வெண்ணை அக்கட்டத்துக்கு இட வேண்டும். நடுவுக்கு 0, அடுத்ததற்கு 1, அதற்கடுத்ததற்கு 2. எலி எப்பொழுதும் தான் நிற்கும் கட்டத்தினும் குறைந்த எண்ணுள்ள கட்டத்துக்கே செல்லும். தொடக்கத்தில் அது சுவர் எதுவும் இல்லை என நம்பி நேரே நடுவை நோக்கிப் புறப்படுகின்றது. சுவரொன்றைக் கண்டதும் அதனைத் தன் படத்திற் குறித்து, வெள்ளத்தை மீண்டும் பரப்பி, எண்களைத் திருத்துகின்றது. தவறான கருதுகோளுடன் தொடங்கி, நடைமுறையில் முட்டுப்பட்டு, அதனைத் திருத்திக்கொண்டு முன்செல்லும் இம்முறையை அறிவு வளர்ச்சிக்கு உவமையாக்கும் ஆசை எழுவது இயல்பே. ஆயினும் எலி தன் பாதையை மாற்றியமைப்பதில்லை. சுவர்களை ஏற்றுக்கொண்டு அவற்றிடையே குறுகிய வழியையே தேடுகின்றது. உவமையை இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வதே முறை.

எண்ணுவது எளிது, ஓடுவதே கடினம். எலி அமைத்தோர் அனைவரும் அறிந்த உண்மை இது. சில்லு ஒரு மயிரளவு வழுக்கினாலும் எலி தான் நிற்பதாக எண்ணும் இடமும் உண்மையில் நிற்கும் இடமும் வேறாகிவிடும். தொடக்ககாலத்தோர், சொன்ன படியளவு மாத்திரம் திரும்பும் படிமுறை மோட்டர்களை நாடினர். பின்வந்தோர் சாதாரண நேரோட்ட மோட்டருடன் சில்லின் சுழற்சியை எண்ணும் கருவியைப் பூட்டினர். சுவரை அறிதற்குச் செங்கீழ்க் கதிரை வீசி, தெறித்து வரும் ஒளியின் அளவைக் கொண்டு தூரத்தை மதிப்பிட்டனர். திரும்பும் வேகத்தை அளக்கக் கைரோஸ்கோப்பைச் சேர்த்தனர். மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து டேவிட் ஒட்டனின் எலி, படிக்கட்டுப் போன்ற வளைவுகளை மூலைவிட்டமாக வெட்டிச் சென்று எல்லோரையும் அதன் வழியிலே திருப்பிற்று. பின்னர் எலியின் வயிற்றிலே சிறு விசிறியை வைத்து, கீழுள்ள காற்றை உறிஞ்சி, அதனைத் தரையோடு அழுத்தும் உத்தி வந்தது. இதனால் வளைவிலே சறுக்காமல் மிகுந்த வேகத்தில் திரும்ப முடிந்தது. 2017 ஆம் ஆண்டின் அகில யப்பான் போட்டியிலே வென்ற எலி, பிற எலிகள் தேர்ந்த மிகக் குறுகிய வழியை விடுத்து, ஐந்து மீற்றருக்கு மேல் நீண்டதாயினும் திருப்பங்கள் குறைந்த வழியைத் தேர்ந்து முந்திற்று. இவற்றுள் எதுவும் ஒரு தனிமனிதனின் சொத்தாக நின்றுவிடவில்லை. ஓராண்டு வென்றதன் உத்தி மறு ஆண்டுகளிற் பொதுவுடைமையாயிற்று. எலியைப் புரட்டிப் பார்க்கவும், அமைத்தவரிடம் கேட்டறியவும், சுற்றுப்படத்தைப் பிரதி செய்யவும் இத்துறையில் நெடுங்காலம் தடை இருந்ததில்லை. வாய்மொழி மரபிலே சூத்திரத் தொடர்கள் பாணரிடையே கைமாறியமை போன்ற நிகழ்வு இது.

யப்பானில் இம்மரபு வேரூன்றியமை தனியே ஆராயத்தக்கது. அங்கு 1980 இலேயே முதலாவது அகில யப்பான் போட்டி நடந்தது. 1985 இல் சுக்குபா நகரப் பொருட்காட்சியையொட்டி உலகப் போட்டி நடந்தபோது யப்பானிய எலிகளே முன்னிடங்களைப் பிடித்தன. முதலிடம் பெற்றது 'நோரிக்கோ'. 2009 இல், கட்டத்தின் பக்கத்தை 9 சதமமீற்றராகக் குறைத்து, 1024 கட்டங்கள் வரை கொள்ளும் அரையளவு எலிப் போட்டியையும் தொடங்கினர். விளையாட்டு இயந்திரங்களை உற்பத்தி செய்த நம்கோ கம்பனி தொடக்கத்திலேயே இப்போட்டியிற் கண்வைத்தது. அது காட்சிக்கென அமைத்த எலி றொபோவான 'மாப்பி', 1983 இல் காசு போட்டு ஆடும் திரை விளையாட்டின் கதாநாயகனாயிற்று. மென்பொருட் கம்பனியான புஜிசொப்ற் 1989 இல் றொபோச் சூமோவைத் தொடக்கிவைத்தது. அதில் 3 கிலோகிராமுக்கு மேற்படாத இரு பொறிகள் வட்டமேடையினின்றும் ஒன்றையொன்று தள்ள முயலும்.

மூலதனம் இப்போட்டிகளைச் சூழ்ந்த வழிகள் பலவாயினும் மூன்றே இங்கு நோக்கப்படும். முதலாவது, பண்டமாக்கல். மேற்கூறிய மாசசூசெற்ஸ் நிறுவனத்திலே 1987 முதல் மாணவரே நடத்திய போட்டி வகுப்பு ஒன்று, விரைவில் லெகோ கட்டைகளையும் சிறு கணினிப் பலகையையும் கொண்டு சுயமாக ஓடும் றொபோக்களை அமைக்கும் களமாயிற்று. அங்கு திரண்ட அனுபவமும் அந்நிறுவனத்தின் ஊடக ஆய்வுகூடத்து ஆய்வும், லெகோ கம்பனி 1998 இல் விற்பனைக்கு விட்ட 'மைன்ட்ஸ்ரோர்ம்ஸ்' பெட்டிக்கு வழிகோலின. அப்பெயர் சீமோர் பப்பேர்ட் 1980 இல் வெளியிட்ட நூலின் பெயர். குழந்தைகள் கட்டளையிட்டு நகர்த்தும் அவருடைய 'ஆமை', வோல்ற்றரின் ஆமைக்கு வாரிசு. பப்பேர்ட் 1950களில் இலண்டனிலே 'சோஷலிஸ்ற் றிவியூ' என்ற புரட்சிகரச் சஞ்சிகையைச் சார்ந்த வட்டத்திலே இயங்கியவர் என்பது அப்பெட்டியின் மீது அச்சிடப்படவில்லை.

இரண்டாவது, இராணுவம். 2015 அளவில் தரைப்போர் வாகனங்களுள் மூன்றிலொன்று ஆளின்றி ஓட வேண்டும் என்பதை அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தால் இலக்காக வகுத்தது. அதற்காகப் பாதுகாப்பு உயர் ஆராய்ச்சி முகவரகம் 2004 மார்ச் 13 இல் மொகாவிப் பாலைவனத்திலே பத்து இலட்சம் டொலர் பரிசுப் போட்டியை நடத்தியது. ஏறக்குறைய 229 கிலோமீற்றர் பாதையிலே மிக அதிக தூரம் சென்ற வாகனம் 12 கிலோமீற்றரைக்கூட எட்டவில்லை. பரிசு வழங்கப்படவில்லை. இதனைத் தோல்வி எனச் செய்தித்தாள்கள் எள்ளின. பொருளியல் நோக்கிலோ இதனினும் இலாபமான ஏற்பாடு வேறில்லை. தோற்றோர் அனைவரின் உழைப்பும் அறிவும் அரசுக்குப் பரிசுச் செலவின்றியே கிடைத்தன. அடுத்த ஆண்டே ஐந்து வாகனங்கள் 212 கிலோமீற்றர் பாதையை முடித்தன. இருபது இலட்சம் டொலரைப் பெற்றது ஒன்றே. அவ்வணியின் தலைவரும் பிற அணிகளின் முதன்மையானோரும் 2009 இல் கூகிள் தொடங்கிய தன்னோட்டக் கார்த் திட்டத்திலே வேலைக்கு அமர்ந்தனர்.

மூன்றாவது வழியே எமது பொருளுக்கு மிக நெருங்கியது. 1997 இல் நகோயாவில் தொடங்கிய றொபோக் கிண்ண உதைபந்தாட்டத்திலே சிறிய றொபோக்களுக்கான பிரிவு ஒன்று உண்டு. அதில் மைதானத்தின் மேலே கமரா பார்க்கும், வெளியிலுள்ள கணினி தீர்மானிக்கும், கட்டளை வானொலி அலையிலே செல்லும், றொபோ ஓடும். மனிதர் கை படுவதில்லையாதலால் இதுவும் சுயமாக இயங்குவதாகவே கொள்ளப்பட்டது. ஆயின் மூளை மீண்டும் எலியை விட்டு வெளியேறிவிட்டமை மனங்கொளத்தக்கது. ஷனனின் பலகையிலே கீழே இருந்தது, இங்கு மேலே சென்றது. இப்பிரிவிலே 1999 முதல் பலமுறை வென்றது கோர்னெல் பல்கலைக்கழக அணி. அதனை வழிநடத்திய ரபாயெல்லோ டான்ட்ரேயா, 2003 இல் நிறுவப்பட்ட கீவா என்னும் கம்பனியின் இணை நிறுவுநர் ஆனார். பண்டசாலையின் தரையிலே கட்டங்கட்டமாக ஒட்டப்பட்ட குறிகளைப் படித்தவாறு, அலுமாரிகளைத் தூக்கிச் செல்லும் குறுகிய உயரமுள்ள றொபோக்களை அது செய்தது. 2012 இல் அமேசன் அக்கம்பனியை 77 கோடியே 50 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று.

கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட தரை, அதில் வழி தேடும் பொறி என்னும் இரண்டும் எலிப் போட்டியை அறிந்தோர்க்குப் பழகிய காட்சியே. வேறுபாடு யாதெனில், எந்த அலுமாரி எவரிடம் எப்பொழுது செல்ல வேண்டும் என்பதை இங்கு பொறி தீர்மானிப்பதில்லை. உடைமையாளனின் மையக் கணினி தீர்மானிக்கின்றது. முன்னர் அலுமாரிகளுக்கிடையே நடந்து பொருள் பொறுக்கிய தொழிலாளி இப்பொழுது வேலிக்கு வெளியே ஓரிடத்தில் நிற்கின்றார். அலுமாரி அவரிடம் வருகின்றது. எதை எடுக்க வேண்டும் எனத் திரை காட்டுகின்றது. மணித்தியாலத்துக்கு எத்தனை எடுத்தார் என்பதும் எண்ணப்படுகின்றது. நடை மிச்சமாயிற்று என நிர்வாகம் கூறும். நடையோடு மிச்சமாகிய சிறு ஓய்வும், அயலவரோடு ஒரு வார்த்தை பேசும் இடைவெளியும் கணக்கில் வரா. இயந்திரம் தொழிலாளியின் கருவியாக அன்றி, தொழிலாளி இயந்திரத்தின் உறுப்பாக மாறுவது பற்றி 'மூலதனம்' கூறியதை நூற்பாலையை விடுத்து இங்கும் சரிபார்க்கலாம்.

எனினும் இப்போக்கை ஒருவழிப் பாதையாகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. லெகோ கம்பனி 2022 இறுதியில் மைன்ட்ஸ்ரோர்ம்ஸ் பெட்டியின் உற்பத்தியை நிறுத்தியது. உலகெங்கும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் எஞ்சியிருந்த கட்டைகள், கம்பனி வழங்கும் மென்பொருள் நின்றுபோகுமாயின் வெறும் பிளாஸ்ரிக்காகும் நிலை தோன்றிற்று. ஆயின் அதற்கு முன்னரே ஆர்வலர் சிலர் கம்பனியின் மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றத்தக்க 'பைபிரிக்ஸ்' என்ற நிரலைத் தாமே எழுதி, எவரும் பார்க்கவும் திருத்தவும் தக்கதாக வெளியிட்டிருந்தனர். இலங்கையிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியியல் மாணவரும் பிறரும் றொபோப் போட்டிகளை நடத்துகின்றனர். அவர்கள் பூட்டும் நுண்செயலிப் பலகைகளும் மோட்டர்களும் கைரோஸ்கோப்புகளும் பெரும்பாலும் இறக்குமதியானவை. ஆயின் வெள்ளம் பரப்பும் முறைக்கு அவர்கள் எவரிடமும் விலை கொடுக்கவில்லை. அதனை அவர்களுக்கு விட்டுச் சென்றோர் இரவிலே எலி செய்தவர்கள்.